பாப்புனையும் பொறியும் பாவலர் பெயரும்

பா இயற்றும் பொறி ஒன்று வேண்டும் என்னும் அவா இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை கேட்ட அன்பர்கள், செயற்கை நுண்ணறிவைப் படைப்பில் பயன்படுத்துவது பற்றி எழுதுமாறும், என் நிலைப்பாட்டையும் மறைவின்றிக் கூறுமாறும் பணித்தனர். வட்டம் ஆண்டுதோறும் நடத்தும் கவிதைப் போட்டிக்கு இதுபற்றி ஒரு விதி வகுக்கவேண்டிய தேவை எழுந்துள்ளதை உறுப்பினர் அனைவரும் அறிவர். எனவே பாப்புனையும் பொறிகளின் வரலாற்றையும், அவற்றின்பால் படைப்பாளர் கொண்ட நோக்கையும் முதற்கண் சுருங்கக் கூறி, நம் மரபு இதுபற்றி எழுப்பக்கூடிய வினாக்களை எண்ணிப் பார்த்து, இறுதியில் என் கருத்தை முன்வைக்கிறேன். அக்கருத்து ஒரு பிழையிலிருந்து பிறந்தது. அப்பிழை என்னுடையது.

இலத்தீன் பாப்பொறி

1677ஆம் ஆண்டு இலண்டனில் ஜான் பீட்டர் என்பவர் இலத்தீன் பாக்களை இயற்றுவதற்கென ஓர் அட்டவணை நூலை வெளியிட்டார். சில எண்களைத் தேர்ந்துகொண்டு, அட்டவணையில் உள்ள எழுத்துகளை முறைப்படி எண்ணிக் குறித்துச் சென்றால், இலக்கணம் வழுவாத அறுசீரடி ஒன்று கிடைத்துவிடும். இலத்தீன் அறியாதவரும் இலத்தீன் பாப் புனையலாம் என்பதே அந்நூல் தந்த உறுதி.

இத்தகைய முயற்சிகளை எள்ளி நகையாடியவர் ஜோனதன் ஸ்விஃப்ட். 1726இல் வெளிவந்த அவருடைய 'கலிவரின் பயணங்கள்' என்னும் நூலில் லகாடோ நகரத்துக் கல்விக்கழகம் ஒன்று வருகிறது. அங்கே சொற்கள் ஒட்டப்பட்ட மரத்துண்டுகளைக் கோத்த பெருஞ்சட்டம் ஒன்றுள்ளது. மாணவர்கள் கைப்பிடிகளைத் திருகச் சொற்கள் இடம்மாறும். பொருள்படும் தொடர் ஏதேனும் தென்பட்டால் எழுதிக்கொள்வர். கல்வியறிவில்லாதவனும் இதனைக்கொண்டு கவிதையும் மெய்யியலும் எழுதலாம் என்று அதனை அமைத்த பேராசிரியர் பெருமிதம் கொள்கிறார்.

நகையாடப்பட்டது ஒருநாள் நனவாயிற்று. சாமர்செட் பகுதியைச் சேர்ந்த பிரிட்ஜ்வாட்டர் என்னும் ஊரினரான ஜான் கிளார்க், ஏறத்தாழப் பதினைந்தாண்டுகள் உழைத்து 'யுரேகா' என்னும் பாப்பொறியைச் செய்து, 1845இல் இலண்டன் எகிப்திய மண்டபத்தில் காட்சிக்கு வைத்தார். உள்ளே உருளைகள் சுழல, ஏறத்தாழ நிமிடத்திற்கு ஒன்றாக இலத்தீன் அறுசீரடி அதன் முகப்பில் தோன்றும். அடி உருவாகும் நேரத்தில் நாட்டுப்பண்ணும் இசைக்கும். அப்பொறி தரக்கூடிய அடிகள் ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம். காலணித் தொழிலால் பெயர்பெற்ற கிளார்க் குடும்பத்தாரின் சேகரிப்பில், சாமர்செட்டின் ஸ்ட்ரீட் என்னும் ஊரில், அது இன்றும் உள்ளது.

ஓர் அடிக்கு ஆறு சொற்கள். ஒவ்வோர் இடத்துக்கும் உரிய சொற்கள் ஒரே அசையமைப்பும் ஒரே இலக்கண வடிவும் உடையனவாகக் கிளார்க்கால் முன்னரே தேர்ந்து வைக்கப்பட்டிருந்தன. ஆதலின் எந்த உருளை எங்கு நின்றாலும் யாப்புப் பிறழாது, தொடரும் பிறழாது. புலவன் செய்யவேண்டிய பணியைப் பொறிக்கு முன்பே கிளார்க் செய்து முடித்துவிட்டார் எனலாம். பொறி செய்தது குலுக்கல் ஒன்றே. அந்தக் கோடிக்கணக்கான அடிகளில் ஒன்றேனும் யாரோ ஒருவருடைய துயரையோ மகிழ்வையோ பற்றிப் பாடவேண்டும் என்று எழுந்ததில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது.

கணிப்பொறியின் வருகை

கிளார்க்கின் காட்சிக்கு இரண்டாண்டு முன்பு, 1843இல், ஏடா லவ்லேஸ் அம்மையார் தம் புகழ்பெற்ற குறிப்புகளை வெளியிட்டார். கவிஞர் பைரனின் மகள் அவர். சார்லஸ் பாபேஜ் திட்டமிட்டிருந்த பகுப்புப் பொறி எண்களை மட்டுமன்றி இசையையும் ஒருநாள் கையாளக்கூடும் என்று முன்னுணர்ந்து கூறிய அவரே, அது தானாக எதனையும் தோற்றுவிப்பதாக உரிமை கொண்டாட முடியாது என்றும், நாம் ஏவத் தெரிந்ததையே அது செய்யும் என்றும் வரையறுத்தார். இன்று நடைபெறும் சொற்போர் முழுவதும் இவ்விரு கூற்றுகளுக்கும் இடையே நிகழ்வதாகக் கொள்ளலாம்.

1949இல் மான்செஸ்டர் நகரத்து மூளை அறுவை மருத்துவர் ஜெஃப்ரி ஜெபர்சன், தான் உணர்ந்த உணர்ச்சியினால் ஒரு பொறி கவிதை இயற்றும்வரை அதனை மூளைக்கு நிகராகக் கொள்ள இயலாது என்றார். அவ்வாண்டே ஆலன் டூரிங், பொறி எழுதும் கவிதையை மற்றொரு பொறியே நன்கு சுவைக்கும் என்று செய்தியாளரிடம் மறுமொழி கூறினார். அடுத்த ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனை உரையாடல் வருகிறது. ஸ்காட்லாந்திலுள்ள ஃபோர்த் பாலத்தைப் பற்றிக் கவிதை எழுதுக என்று கேட்கப்பட்டதும், விடையளிப்பவர் தமக்குக் கவிதை வராது என்று கூறி விலகிக்கொள்கிறார். மனிதரைப் போல் நடிக்கும் பொறிக்கு அந்த மறுப்பே தகுந்த விடை என்று டூரிங் கருதியிருத்தல் வேண்டும்.

1952இல் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணிப்பொறியைக் கொண்டு காதற்கடிதங்கள் எழுதச் செய்தார். வார்ப்பு ஒன்றே, அன்பைக் குறிக்கும் சொற்கள் மட்டும் தற்செயலாகத் தேர்ந்து நிரப்பப்படும். அக்கடிதங்களின் இறுதியில் இருந்த கையொப்பம் 'எம்.யு.சி.' என்பது, மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணிப்பொறி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். பொறி எழுதியதற்குப் பொறியின் பெயரே இடப்பட்டது. 1959இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தியோ லுட்ஸ், ஃபிரான்ஸ் கஃப்காவின் 'கோட்டை' என்னும் புதினத்திலிருந்து சொற்களை எடுத்து, இசட்22 என்னும் கணிப்பொறியில் இட்டுத் தொடர்களை உண்டாக்கினார். சொற்கள் எவருடையவை என்பதை அவர் வெளிப்படையாகவே எழுதினார். இம்முன்னோடிகள் இருவரும் இரண்டு நேர்மைகளை நமக்கு விட்டுச் சென்றுள்ளனர்: ஆக்கியது யார் என்று கூறல், எங்கிருந்து எடுத்தது என்று கூறல்.

2022க்குப் பின்

2017இல் கூகுள் நிறுவனத்து ஆய்வாளர் எண்மர் வெளியிட்ட கட்டுரை ஒன்று புதிய மொழிப்பொறிகளுக்கு வழிவகுத்தது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது. இப்பொறிகள் கிளார்க்கின் பொறியைப் போலச் சொற்பட்டியலை வைத்துக் குலுக்குவன அல்ல. பேரளவான எழுத்துகளைப் படித்து, ஒரு சொல்லின் பின் எச்சொல் வரும் என்னும் வாய்ப்பைக் கணித்து, மேன்மேலும் எழுதிச் செல்வன. கிளார்க்கின் சொற்களைத் தேர்ந்தவர் கிளார்க். லுட்ஸின் சொற்கள் கஃப்காவுடையவை. இன்றைய பொறியின் சொற்களோ பெயர் குறிக்கப்படாத எண்ணிறந்த எழுத்தாளர்களுடையவை.

இதுவே வழக்குகளுக்குக் காரணமாயிற்று. 2023 செப்டம்பரில் அமெரிக்க எழுத்தாளர் சங்கமும், ஜான் கிரிஷாம், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் உள்ளிட்ட 17 எழுத்தாளர்களும் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தனர். 2025இல் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின்மேல் எழுத்தாளர்கள் தொடுத்த மற்றொரு வழக்கில், விலைகொடுத்து வாங்கிய நூல்களைக் கொண்டு பொறியைப் பயிற்றுவது நியாயமான பயன்பாடே என்றும், திருட்டுத் தொகுப்புகளிலிருந்து நூல்களை இறக்கிச் சேர்த்து வைத்தது அவ்வாறாகாது என்றும் நீதிபதி தீர்ப்பளித்தார். பின்னர் அந்நிறுவனம் ஒரு நூலுக்கு ஏறத்தாழ 3,000 டாலர் வீதம் 150 கோடி டாலர் தர உடன்பட்டது. சட்டம் தன் வழியே செல்லட்டும். படைப்பாளர் தம் மனத்துள் என்ன முடிவு கொண்டனர் என்பதே நமக்கு வேண்டுவது.

மூன்று படைப்பாளர், மூன்று நிலைகள்

ஆஸ்திரேலியப் பாடலாசிரியர் நிக் கேவ், தம் பாணியில் பொறி எழுதிய பாடல் ஒன்றை இரசிகர் ஒருவர் அனுப்பியபோது, 2023 சனவரியில் கடுமையாக மறுமொழி எழுதினார். பாடல் துன்பத்திலிருந்து பிறப்பது, தரவுகள் துன்புறுவதில்லை, ஆதலின் அது மனிதனாய் இருத்தலைக் கேலிசெய்வது என்பது அவர் கூற்றின் சாரம். முற்றான மறுப்பு இது.

சப்பானிய எழுத்தாளர் ரியே குடான் வேறு திசையில் நின்றார். 2024 சனவரியில் அவருடைய புதினத்திற்கு அந்நாட்டின் பெருமைமிகு அகுதாகவா பரிசு கிடைத்தது. பரிசு பெற்றபோதே, நூலில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு பொறி தந்த வாக்கியங்கள் என்று அவர் தாமே கூறினார். பெரும் சலசலப்பு எழுந்தது. கதைமாந்தர் செயற்கை நுண்ணறிவிடம் வினவும் இடங்களில் அது தரும் விடைகளாகவே அவ்வாக்கியங்கள் அமைந்துள்ளன என்று பின்னர் விளக்கினார். பொறி பேசவேண்டிய இடத்தில் பொறியையே பேசவிட்டார். அதனை மறைக்கவும் இல்லை.

மூன்றாமவர் நம்மவர். 2024இல் வெளிவந்த 'லால் சலாம்' திரைப்படத்தின் 'திமிறி எழுடா' பாடலில், 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவினால் மீட்டமைத்தார். இறந்தவர் குரலை எடுத்தாளலாமா என்னும் வினா எழுந்தபோது, குடும்பத்தாரின் இசைவு பெற்றதையும், உரிய ஊதியம் அளித்ததையும் அவர் தெரிவித்தார். பாடியவர் பெயரை மறைக்காமல், இசைவு பெற்று, கூலியும் கொடுத்துக் கருவியைக் கையாளுதல் அவர் நிலை.

ஒருவர் முற்றாக மறுக்கிறார். ஒருவர் கூறிவிட்டுப் பயன்படுத்துகிறார். ஒருவர் கேட்டுப் பெற்றுப் பயன்படுத்துகிறார். மூவரிடமும் மறைவு இல்லை என்பது ஒப்புமை.

நம் மரபு எழுப்பும் வினாக்கள்

பொறித்தன்மை வாய்ந்த பாக்கள் தமிழுக்குப் புதியன அல்ல. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நாற்கவி வகுத்தவர் நம் முன்னோர். சித்திரகவிக்குத் தண்டியலங்காரம் சொல்லணியியலில் இடம் தருகிறது. நாகபந்தமும் தேர்க்கவியும் கட்டங்களில் எழுத்துகளை அடக்கும் கணக்குகளே. மூன்றாம் திருமுறையில் உள்ள சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றேபோல் படிக்க அமைந்தது. இவற்றை மிறைக்கவி என்றும் வழங்கினர். கடுமையை ஏற்றுப் பாடுதலே அங்குப் பெருமை. நாகபந்தத்தைக் கணிப்பொறி நொடியில் நிரப்பித் தருமாயின், வியப்பு எங்கே நிற்கும்? செஸ் ஆட்டத்தில் 1997இல் காஸ்பரோவைக் கணிப்பொறி வென்றபின்னும் மனிதர் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றனர். வினைத்திறத்தைப் பொறி மிஞ்சுவது கவிதையின் முடிவாகாது என்பதே என் துணிபு.

எடுத்தாளுதலும் நம் மரபுக்குப் புறம்பன்று. தொல்காப்பியம் மரபியலில் முதல்நூலோடு வழிநூலையும் வைத்து, தொகை, விரி, தொகைவிரி, மொழிபெயர்ப்பு என அதனை நால்வகைப்படுத்துகிறது. எனினும் வழிநூல் செய்பவன் தன் முதல்நூல் எது என்பதை அறிவான். சிறப்புப் பாயிரத்தில் 'வழி' என ஓர் உறுப்பே அதற்கென உண்டு. பொறியின் ஆக்கத்துக்கு அத்தகைய பாயிரம் எழுத இயலாது.

எழுதும் கை வேறு, படைக்கும் மனம் வேறு என்பதற்கும் நம்மிடம் சான்றுண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடல்களைச் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதிய வரலாற்றை உ. வே. சாமிநாதையர் விரித்துரைக்கிறார். ஏடெழுதிய மாணவரை நூலாசிரியர் என எவரும் கூறியதில்லை. இதற்கு மறுதலையான நிகழ்வு ஒன்றும் அவ்வரலாற்றில் உண்டு. 'குசேலோபாக்கியானம்' என்னும் காப்பியம் பெங்களூரில் வாழ்ந்த வல்லூர்த் தேவராச பிள்ளையின் பெயரால் வெளிவந்தது. அவர் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டவர், அவரை ஆதரித்தவர். உண்மையில் அதனை இயற்றியவர் பிள்ளையவர்களே என்று ஐயர் எழுதிவைத்தார்.

இளமையில் இச்செய்தியைப் படித்தபோது தேவராச பிள்ளையின்மேல் எனக்குச் சினம் உண்டாயிற்று. இன்று அது இல்லை. அந்நூல் அறிந்து கொடுக்கப்பட்டது; ஆசிரியர் மாணவருக்கு அளித்த கொடை. கொடுத்தவர் யார் என்பது பெற்றவருக்குத் தெரியும். பின்னர் உலகுக்கும் தெரிந்தது. நம் மரபிலிருந்து இவ்வாறு இரு வினாக்களைப் பெறுகிறோம். எடுத்த இடம் சொல்லப்பட்டதா? கொடுத்தவர் அறிந்து கொடுத்தாரா? மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. அதனை எனக்குக் கற்பித்தவர் என் சித்தி.

என் பிழை

சென்ற ஆண்டு என் அன்னையார் மறைந்தார். பதினாறாம் நாள் நினைவு மடலில் இரங்கற்பா ஒன்று வேண்டும் என்றனர் வீட்டார். தமிழ்ப் பேராசிரியை ஆகிய நான் எழுதுவேன் என்பது அனைவரின் எதிர்பார்ப்பு. மூன்று இரவுகள் முயன்றும் ஓரடியும் வரவில்லை. அச்சகத்தார் காத்திருந்தனர். என் அண்ணன் மகன் கைப்பேசியில் பொறியிடம் கேட்டான். அரை நிமிடத்தில் எட்டடிகள் வந்தன. நான் இரண்டு இடங்களில் எதுகையைச் செப்பம் செய்தேன். அடியில் என் பெயர் அச்சேறியது. படித்தவர் பலர் கண்கலங்கினர். நம் வட்டத்து நண்பர் சிலரும் அதனைப் பாராட்டினர். அப்பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

மாலையில் என் சித்தி கண்ணாடியை அணிந்துகொண்டு அம்மடலை மெல்லப் படித்தார். தாலாட்டுப் பாடிய குரல் ஓய்ந்தது என்னும் பொருள்பட ஓரடி இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, "யாரடி தாலாட்டுப் பாடினது? அக்காவுக்குப் பாட்டே வராதே. நீங்கல்லாம் மிஷின் சத்தத்துலதானே தூங்குனீங்க" என்றார்.

உண்மை அதுவே. என் அன்னையார் தையல் தொழிலால் எங்களை வளர்த்தவர். பகலில் வீட்டு வேலை. இரவு பத்து மணிக்குமேல் மிதி இயந்திரத்தின் முன் அமர்வார். அதன் ஓசை நின்றால் நாங்கள் விழித்துக்கொள்வோம். நான் முனைவர் பட்ட ஆய்வேட்டை அச்சிட்டுக் கட்டிய செலவும் அந்த இயந்திரம் தந்ததே. பொறி எழுதிய எட்டடிகளில் என் அன்னை இல்லை; ஆயிரம் இரங்கற்பாக்களில் வரும் ஓர் அன்னை இருந்தார். பொறியின்மேல் இதில் குற்றமில்லை. அது என் அன்னையை அறியாது. அறிந்த நான் எழுதாமல், அறியாததன் சொல்லுக்குக் கையொப்பமிட்டேன். பாடப்பட்டது உண்மையா என்னும் மூன்றாம் வினாவை நான் கேட்கவே இல்லை.

என் நிலைப்பாடு

ஆய்வுப் பணியில் இக்கருவியை நான் பயன்படுத்துகிறேன். பழைய பதிப்புகளின் படிமங்களை எழுத்துவடிவாக்கவும், சொல்லடைவு தேடவும் அது பெரிதும் உதவுகிறது. அது தரும் ஒவ்வொரு மேற்கோளையும் மூலநூலில் பார்த்த பின்னரே கொள்கிறேன்; இல்லாத பாடலை இருப்பதாகக் கூறியதை நானே கண்டுள்ளேன். கொண்ட உதவியை முன்னுரையில் குறிக்கிறேன். என் பெயரால் வெளிவரும் பாவில் மட்டும் ஒரு சொல்லையும் அதனிடம் வாங்குவதில்லை என உறுதி பூண்டுள்ளேன்.

இவ்வுறுதியைப் பிறர்மேல் சுமத்த நான் விரும்பவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்து, ஒற்றுப்பிழைக்கு அஞ்சியே எழுதாதிருந்த மாணவி ஒருத்தி, பொறியிடம் பிழை திருத்திக்கொண்டு கவிதையைத் துணிவுடன் கொண்டுவந்து தருகிறாள். அவள் கண்டதும் பட்டதும் அக்கவிதையில் அவளுடையனவாகவே உள்ளன. அவளையும் என்னையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. எழுதத் தெரிந்தும் எழுதாத என் பிழையே பெரிது.

போட்டி விதியைப் பற்றி ஒரு வேண்டுகோள். பொறி எழுதியதைக் கண்டறியும் மென்பொருள்களை நம்பிப் பரிசை மறுத்தல் வேண்டா. அவை பிழைபடுவன, தானே எழுதிய ஓர் இளங்கவிஞரைக் கள்வர் எனச் சொல்லிவிட்டால் அவ்வடு ஆறாது. நம் வட்டத்தில் மாதந்தோறும் கவிஞர் தம் பாடலைப் படித்து, கேட்போர் வினாக்களுக்கு விடை கூறும் வழக்கம் முதற்கூட்டத்திலிருந்தே உண்டு. இறுதிச் சுற்றுக்கு வருவோரை அவ்வாறு அழைப்போம். கருவியின் துணை கொண்டவர் அதனைக் கூறட்டும். கூறியதற்காக இழிவு செய்யாதிருப்போம். அதன்பின் கவிதையில் உள்ள வாழ்வைப் பற்றிக் கேட்போம். பாராட்டை வாங்கிக்கொண்ட நான் இவ்வாண்டு நடுவர் குழுவில் அமர்வது முறையன்று. ஆதலின் அப்பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

முதலாண்டு நினைவு நாளுக்குள் அன்னையாரைப் பற்றி எட்டடிகள் எழுதி முடித்தேன். பத்து மாதங்கள் ஆயின. அச்சுக்குத் தருமுன் சித்தியிடம் படித்துக் காட்டினேன். அன்னை தம் இயந்திரத்தை மிதித்தார் என்று நான் எழுதியிருந்தேன். "அது இரவல் மிஷின். சொந்தமா வாங்குனது நீ பள்ளிக்கூடம் போனப்புறம்தான்" என்றார் சித்தி. அச்சொல்லை மாற்றினேன். மாற்றியதில் ஓரிடத்தில் ஓசை சற்றே இடறுகிறது. எனினும் அது நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு சொல் என்னுடையதன்று. அது எவர் தந்தது என்பதை மடலின் அடியில் அச்சிட்டுள்ளேன்.

பத்தாண்டுகளாக ஒருவர் பாடலை ஒருவர் கேட்டுத் திருத்தி வளர்ந்த நம் வட்டம் மேலும் பல்லாண்டு அவ்வாறே வளர்க.